வெள்ளி மூக்கும் சிலிக்கன் பையும்



மார்பகத்தினுள் சிலிக்கன் பை வைப்பது பற்றி மௌலவி ஒருவர் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கூடுமா, கூடாதா என்று எம்மிடம்தானே கேட்கிறார்கள்! அழகுக்காகப் படைப்பை மாற்றுவது வேறு; புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவள் அதைச் சீர்செய்வது வேறு என்று உலமாக்கள் பிரித்துக் கூறியுள்ளனர். அதை இங்கே விரிக்கப் போவதில்லை. பை வைத்த பின் நோயுற்றவளின் முறைப்பாட்டை யார் கேட்பது என்பதே என் கவலை.

1962இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு இந்தப் பை வைக்கப்பட்டது. பின்னர் பல பெண்கள் ஓயாத களைப்பு, மூட்டுவலி, மறதி, கண்ணும் வாயும் உலர்தல் என்று முறையிட்டார்கள். 1992இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் சிலிக்கன் பைகளைக் கட்டுப்படுத்தியது. 1999இல் அறிஞர் குழுவொன்று ஆராய்ந்து, பை கிழிவதும் அதைச் சுற்றித் தழும்புத் திசு இறுகுவதும் உண்மையே, ஆனால் உடல் முழுவதையும் தாக்கும் நோயை அது உண்டாக்குகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2006இல் மீண்டும் அனுமதி கிடைத்தது.

"போதிய ஆதாரம் இல்லை" என்ற சொல், பல பெண்களின் காதில் "உனக்கு ஒன்றுமில்லை, மனப்பிரமை" என்றே விழுந்தது. ஹதீஸ் கலை படிக்கும் மாணவனுக்கு இந்த வேறுபாடு முதலாம் ஆண்டிலேயே விளங்கும். ஓர் அறிவிப்பு பலவீனமானது என்றால், அது இட்டுக்கட்டப்பட்டது என்று பொருளல்ல. அதை ஆதாரமாக நிறுத்த முடியாது, அவ்வளவுதான்.

2018இல் இஸ்ரேலிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பை வைத்த 24,651 பெண்களை, வைக்காத 98,604 பெண்களோடு ஒப்பிட்டார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்கள் காணப்படும் வாய்ப்பு, பை வைத்தவர்களிடம் ஏறத்தாழ 22 வீதம் கூடுதலாக இருந்தது. இது பெரிய வேறுபாடல்ல. பைதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூறவும் இது போதாது. ஆனால் அலட்சியம் செய்யக்கூடியதும் அல்ல.

விற்றமின் கதைக்கு வருவோம். பை வைத்து நோயுற்ற பெண்களை ஒல்லாந்து வைத்தியர்கள் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். விற்றமின் டி குறைந்தவர்களிடமே தன்னுடலைத் தாக்கும் தன்மையின் அடையாளங்கள் அதிகம் தென்பட்டன. எதிர்ப்புச் சக்தியைக் கட்டுக்குள் வைக்க உதவும் சத்து அது. "பை விற்றமினை உறிஞ்சிவிடுகிறது" என்று சிலர் இதைத் திரித்துவிட்டார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நம் பெண்களிடம் பை இல்லாமலேயே இந்தக் குறைபாடு உண்டே! குளிசை வாங்கி விழுங்கிவிட்டால் பையின் தொல்லை தீர்ந்துவிடும் என்பதும் வீண் நம்பிக்கை.

அறியாமைக் காலத்தில் குலாப் போரில் மூக்கை இழந்தவர் அர்ஃபஜா (ரழி) அவர்கள். வெள்ளியால் மூக்குச் செய்து வைத்தார், அது துர்நாற்றமெடுத்தது. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் செய்துகொள்ளும்படி கூறினார்கள் என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடை என்பதை நாம் அறிவோம். அப்படியிருந்தும் அவருடைய தொல்லை பொருட்படுத்தப்பட்டது. வைத்த பொருள் மாற்றப்பட்டது.

2021 ஒக்டோபரில் அமெரிக்க நிர்வாகம் கடும் எச்சரிக்கையொன்றைக் கட்டாயமாக்கியது. இப்பைகள் ஆயுள் முழுவதும் நிலைப்பவையல்ல. களைப்பும் மூட்டுவலியும் முறையிடப்பட்டுள்ளன. அகற்றிய பின் சிலர் சுகமடைந்துள்ளனர். சிலர்தான், எல்லோரும் அல்லர்.

ஆகவே பை வைத்த ஒரு பெண் உங்கள் குடும்பத்தில் இருந்து, உடம்பு முடியவில்லை என்று சொன்னால் அவளை ஏசாதீர்கள். "அழகுக்கு ஆசைப்பட்டாய்" என்று குத்தியும் காட்டாதீர்கள். இரத்தச்சோகை, தைரொயிட், விற்றமின் டி ஆகியவற்றை முதலில் பரிசோதியுங்கள். பிறகு வாதநோய் நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். பையின் வகையும் இலக்கமும் எழுதிய அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். 2019இல் அரிதான நிணநீர்ப் புற்றுநோயின் காரணமாக, மேற்பரப்பு சொரசொரப்பான ஒரு வகைப் பைகள் மீளப்பெறப்பட்டன. தன்னுள் இருப்பது அந்த வகையா என்று அறிய அந்த அட்டைதான் இலகுவான வழி.