சியுதாத் அகூன்யா: ஒரு கோபுரம், இரண்டு கரைகள்

மெக்சிகோவின் கோவாயிலா மாநிலத்தில், ரியோ கிராந்தே ஆற்றின் தென்கரையில் இருக்கிறது சியுதாத் அகூன்யா. 24 வயதில் மறைந்த கவிஞர் மானுவல் அகூன்யாவின் பெயரைக் கொண்ட ஊர். எதிர்க்கரையில் டெக்சஸின் டெல் ரியோ. வானொலி வரலாற்றில் இந்த ஊரை ஓர் அமெரிக்கரின் முகவரியாகவே எழுதுகிறார்கள். ஆண்மைக்கு மருந்தென்று ஆட்டு விதைகளை மனிதர்களுக்கு வைத்துத் தைத்த ஜான் பிரிங்க்லி, கன்சாஸில் மருத்துவ உரிமமும் வானொலி உரிமமும் பறிபோன பின், 1931இல் இங்கே எக்ஸ்.இ.ஆர். நிலையத்தைத் தொடங்கினார். சுவையான கதைதான், ஆனால் பாதிக் கதை. அமெரிக்காவும் கனடாவும் நல்ல அலைவரிசைகளைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டு மெக்சிகோவைக் கைகழுவியிருந்தன. மெக்சிகோவுக்கு அந்தக் கோபம் இல்லையென்றால் பிரிங்க்லிக்கு உரிமம் கிடைத்திருக்குமா? அமெரிக்காவில் வழக்கமான உச்சவரம்பு 50 கிலோவாட். மூடப்பட்டு 1935இல் எக்ஸ்.இ.ஆர்.ஏ. என்று திரும்பி வந்த நிலையம் 500 கிலோவாட்டில் முழங்கியது. அமெரிக்க மண்ணில் பேசித் தொலைபேசிக் கம்பியில் அக்கரைக்கு அனுப்புவதற்கு அமெரிக்காவின் 1934 சட்டம் முட்டுக்கட்டை போட்டது. உடனே பேச்சும் பாட்டும் இசைத்தட்டில் பதிவாகி ஆற்றைக் கடந்தன. 1937 ஹவானா உடன்படிக்கை மெக்சிகோவுக்கு அலைவரிசைகளை ஒதுக்கியது. அது நடைமுறைக்கு வந்த 1941இலேயே மெக்சிகோ அரசு எக்ஸ்.இ.ஆர்.ஏ.வை மூடிவிட்டது. பேரம் முடிந்ததும் துருப்புச்சீட்டுக்கு வேலையில்லை.

அரசுக்குப் பேரம் சரி, ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கார்ட்டர் குடும்பத்தின் மலைநாட்டுப் பாடல்கள் எக்ஸ்.இ.ஆர்.ஏ.வில் ஒலித்தது வடக்கே இருந்தவர்களுக்காக. 1947இல் எழுந்த எக்ஸ்.இ.ஆர்.எஃப். நிலையமும் இரவு நேரத்தை ஆங்கிலப் பிரசங்கிகளுக்கு விற்றது. 1960களில் அதன் அறிவிப்பாளர் உல்ஃப்மேன் ஜாக்கின் ஊளையை அமெரிக்க இளைஞர்கள் கேட்டார்கள். கோபுரம் இங்கே, காது அங்கே. 1986இல் மெக்சிகோவின் பொது வானொலி நிறுவனம் எக்ஸ்.இ.ஆர்.எஃப்.ஐ ஏற்ற பிறகுதான் அது உள்ளூர்க்காரர்களுக்கான ஸ்பானிய இசை நிலையமாயிற்று. அதோடு பழைய புகழ் போய்விட்டதே என்று வானொலி ரசிகர்கள் அங்கலாய்க்கிறார்கள். கன்சாஸில் கேட்டதா என்பதை அளவுகோலாக வைத்தால் போய்விட்டதுதான். ஏற்றுமதித் தொழிற்சாலைகளை நம்பிப் பிழைக்கும் இந்த ஊரில் வேலை முடிந்து வருகிறவருக்கு அந்த அளவுகோல் எதற்கு? அவர் மொழியில், அவருக்குத் தெரிந்த பாட்டைப் போடுகிறது வானொலி. பிரிங்க்லியின் காலத்தில் 500 கிலோவாட்டும் அதற்காகச் செலவாகவில்லை.