சுங்கானைப் பேணுதல்

இன்று பலரும் 'பைப்' என்று சொல்லிவிடும் பொருளுக்கு நம்மிடம் சுங்கான் என்ற நல்ல சொல் உண்டு. பொருள்தான் அருகிவிட்டது. சுருட்டும் பீடியும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் நம் மக்களுக்கு நெருங்கியவை. யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குப் போன பண்டம். சுங்கானோ ஆங்கிலம் படித்த சிறு கூட்டத்தாரைத் தாண்டி ஊருக்குள் இறங்கவேயில்லை. திருக்கோவிலில் நானறிய அதை வைத்திருப்பவன் நான் ஒருவனே.

பத்திரிகை அலுவலகத்தில் இரவுப் பணி பார்த்த காலத்தில் அது என்னோடு சேர்ந்தது. சிகரெட்டை ஒரு நொடியில் பற்றவைத்துவிடலாம். சுங்கானுக்கு அந்த அவசரம் ஆகாது. புகையிலையை மூன்று தடவையாக இட வேண்டும்: முதலாவதைக் குழந்தையின் கையாலும், இரண்டாவதைப் பெண்ணின் கையாலும், மூன்றாவதை ஆணின் கையாலும் அழுத்துவதுபோல் அழுத்த வேண்டும் என்பது பழைய பாடம். முதல் நெருப்பில் புகையிலை பொங்கி எழும். மெல்ல அமுக்கி மறுபடி பற்றவைக்க வேண்டும். இத்தனையும் முடிவதற்குள், கோபத்தில் எழுதிய தலைப்பு ஒன்றைத் திருத்த மனம் வந்துவிடும்.

சுங்கான் பொறுமையைத் தரும் என்று இதற்காகச் சொல்லிவிட முடியாது. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த பண்டாரநாயக்காவும் சுங்கான் பிரியர்தான். அந்த அவசரத்தின் விலையை இந்தக் கரையோரம் நன்கறியும்.

என்னைக் கட்டிப்போட்டது புகையைவிடப் பராமரிப்பே. நல்ல சுங்கானின் கிண்ணம் பிரையர் என்னும் மத்தியதரைக் கடற்கரைப் புதரின் வேர்முண்டில் கடையப்படுவது. வேர்முண்டை மணிக்கணக்கில் அவித்து, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே உளி வைப்பார்கள். நெருப்புக்கு அஞ்சாத அந்த மரம் ஈரத்துக்கு அஞ்சும். ஒருமுறை புகைத்த சுங்கானுக்கு ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். சூடு ஆறுமுன் தண்டைக் கழற்றினால் பொருத்து தளரும், சிலவேளை முறியும். கிண்ணத்தின் உட்புறம் படியும் கரி, மரத்துக்குக் கவசம். ஆனால் அது ஒரு நாணயத்தின் தடிப்பைத் தாண்டினால் சூட்டில் விரிந்து கிண்ணத்தையே வெடிக்கச் செய்யும். கவசமும் அளவோடுதான் இருக்க வேண்டும்.

கடலோரத்தில் இந்த வேலை இரட்டிப்பு. வாடைக்காற்றுக் காலத்தில் புகையிலை டப்பாவில் பூஞ்சணம் பிடிக்கும், தீக்குச்சி நமுத்துப்போகும். கச்சான் வீசும் மாதங்களில் அதே புகையிலை சருகாகி நாக்கைச் சுடும். தண்டு வல்கனைற் றப்பர், கந்தகம் கலந்தது. வெளிச்சமும் காற்றும் பட்டால் பச்சை பூத்துக் கசக்கும். துடைக்கும் பஞ்சுக்கம்பியைக் கல்முனைக் கடைத்தெரு முழுவதும் தேடியிருக்கிறேன். ஒரு கடைக்காரர், "சேர், அது என்ன சாமான்?" என்று கேட்டு, நான் விளக்கியபின் சிரித்துக்கொண்டு, "கோழியிறகு போதாதா?" என்றார். போதும்தான். அன்றிலிருந்து இறகுதான்.

சுங்கான்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு: புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆகவே கேடில்லை என்பது. நெஞ்சு தப்பினாலும் வாய் தப்பாது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. அதற்குப் பெருங்காரணம் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும். புகையும் அந்தப் பட்டியலில் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் என் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் தழும்பு ஒன்று தோன்றியது. தசைத்துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை கழிந்த நாட்களில், எத்தனையோ அறிக்கைகளை ஆறுதலாகப் படித்துச் செய்தியாக்கிய எனக்கு, ஒற்றைத்தாள் அறிக்கைக்காகக் காத்திருப்பது என்னவென்று விளங்கியது. புற்று இல்லை என்று வந்தது. "வாய் வேணுமா, சுங்கான் வேணுமா, ஐயா?" என்று மட்டும் மருத்துவர் கேட்டார். அன்றோடு புகைப்பது நின்றது.

சுங்கான்கள் நான்கும் இருக்கின்றன. கிழமைக்கொரு நாள் முற்றத்து நிழலில் அமர்ந்து அவற்றைத் துடைக்கிறேன். தண்டின் பச்சையைத் தேய்த்தெடுக்கிறேன். துளைக்குள் இறகு விடும்போது பழைய வாசனை சற்றே எழும். அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. பத்திரிகைத் துறைக்குப் புதிதாக வந்த மருமகன் ஒருவர் அண்மையில் வந்தபோது, நான்கில் அழகான ஒன்றைக் கையிலெடுத்து, "மாமா, இதை எனக்குத் தாங்களேன்" என்றார். "தம்பி, துடைக்கிறதென்றால் இங்கே வந்து துடை. கொண்டுபோக மட்டும் விடமாட்டேன்" என்றேன். சிறிது மனவருத்தம் அவருக்கு. ஆனால் மறுகிழமையும் வந்தார். இறகை எப்படிப் பிடிப்பது என்று கேட்டார்.