புதிய காற்றுத் துப்பாக்கியும் நமது வலக்கையும்

காற்றால் சுடும் கைத்துப்பாக்கி ஒன்று நம் வீட்டிற்கு வந்து மூன்று திங்கள் ஆகின்றன. 'துப்பாக்கி' என்ற சொல் காதில் விழுந்த நாள் முதல் மணிநகர்த் தமிழன்பர்கள் சிலர் நம்மைச் சற்று விலகி நின்று பார்க்கத் தொடங்கியிருக்கின்றனர். ஆகவே அது இன்ன பொருள், அதைக் கையிலெடுத்ததில் நாம் கண்டது யாது என்பதை இங்கே எழுதிவிடுவது நலம் என எண்ணினோம்.

வாங்கத் தூண்டியவள் நம் மகள். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெண்கலம் பெற்றதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அதே பேச்சு. கடலூரிற் பிறந்து இதே அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் காற்று ரைபிளில் தங்கம் வென்றவர் என்று தெரிந்தபின் அப்பேச்சு பிடிவாதமாயிற்று. போதாக்குறைக்கு, பாரிஸில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே அப்போது மத்திய ரயில்வேயில் பணியாற்றியவர். "ரயில்வேக்காரருக்கு வராதா அப்பா?" என்று நம்மையே மடக்கினாள்.

கையிருப்போ, ஊரில் மாடி எழுப்புவதற்கென்று பல ஆண்டுகளாகச் சேர்த்த பணம். "காகிதத்தில் ஓட்டை போடவா ஒன்றரை லட்சம்?" என்று கேட்டார் நம் மனைவியார். "பிள்ளைகள் நடமாடுகிற வீட்டில் துப்பாக்கி எதற்கடா?" என்றார் அன்னையார். இரண்டும் நியாயமான கேள்விகளே. முதலில் நாம் கற்பது. ஓராண்டு கழித்து மகள் கையில் கொடுப்பதா என்று தீர்மானிப்பது. வேண்டாமெனத் தோன்றினால் விற்றுவிடுவது என்று ஒருவாறு உடன்பாடு ஏற்பட்டது.

பெட்டியைத் திறந்தபோது முதலில் எழுந்த எண்ணம், இது துப்பாக்கி போலவே இல்லையே என்பதுதான். ஏதோ ஆய்வுக்கூடத்துக் கருவி போலிருந்தது. மெல்லிய குழல், அதன் கீழே காற்றடைத்த சிலிண்டர், பின்னால் உள்ளங்கையின் மேடுபள்ளங்களுக்கேற்பச் செதுக்கிய மரக் கைப்பிடி. எடை ஏறத்தாழ ஒரு கிலோ. போட்டி விதிப்படி 1,500 கிராமுக்கு மேற்போகலாகாது. 42 சென்டிமீட்டர் நீளமும் 20 உயரமும் 5 அகலமும் உள்ள பெட்டிக்குள் அடங்கவும் வேண்டும்.

சிலிண்டரிலே காற்று 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. ரயில் வண்டியின் பிரேக் குழாயில் உள்ள அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. அதாவது ஏறக்குறைய 5 பார். அவ்வளவு பெரிய வண்டியைக் கட்டுப்படுத்தும் காற்றைவிட நாற்பது மடங்கு அழுத்தம், ஒரு முழ நீளம்கூட இல்லாத குழாய்க்குள் என்றறிந்தபோது சற்று மலைத்தோம். ஆயினும் ஒரு முறை சுடுவதற்கு வெளிப்படும் காற்று மிகச் சிறிதே. அது 4.5 மில்லிமீட்டர் விட்டமும் அரை கிராம் எடையும் உள்ள ஈயக் குண்டை நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. குண்டின் முகம் தட்டையானது. ஆதலால் அட்டையைக் கிழிக்காமல், டிக்கெட்டில் துளையிடும் இடுக்கி போல வட்டமாக வெட்டுகிறது.

இந்த வேகமும் எடையும் சேர்ந்தால் வரும் ஆற்றல் ஆறு ஜூலுக்குள் அடங்கும். 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு, 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டுவதில்லை. உரிமம் வேண்டாதது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. கண்ணிற் பட்டால் கண் போய்விடும். அன்னையாரின் கேள்வியை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. துப்பாக்கி பூட்டிய இரும்புப் பெட்டியில். குண்டுகள் வேறு அலமாரியில், வேறு சாவியில். வீட்டிற்குள் வந்தபின் குண்டேற்றுவது அறவே இல்லை. குழல் காலியென்று வெளியே தெரியும்படி, வண்ணக் கயிறு ஒன்று குழலின் வழியே நீண்டு இரு முனையிலும் தொங்கும்.

இனி நமது வலக்கையின் கதை. இவ்விளையாட்டில் ஒரே கையால், எவ்விதத் தாங்கலுமின்றிச் சுடவேண்டும். மணிக்கட்டு கட்டின்றி இருக்கவேண்டும். பத்து முறை தூக்கி இறக்கியதுமே தோள்பட்டை, எங்கே நம்மை மறந்தீர் என்று கேட்டது. போட்டியிலோ அறுபது முறை. எதிரே பத்து மீட்டரில் அட்டை. அதன் நடுவே 59.5 மில்லிமீட்டர்க் கருவட்டம். அதற்குள் பத்து மதிப்பெண்ணுக்குரிய வட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். நீட்டிய கை நடுங்கியது. நடுக்கத்தை அடக்க முயன்றோம்; அதிகமாயிற்று. குறி பத்தைக் கடக்கும் கணத்திலே விசையைச் சட்டென்று இழுத்தோம். குண்டு கீழே இடப்புறம் போய் விழுந்தது. முதற் பத்துக் குண்டுகளுக்கு நூற்றுக்கு அறுபத்தொன்று.

பயிற்சியாளர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கென்றால் நமக்கு எளிதில் விளங்கும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைத்தூரம் 32 சென்டிமீட்டர். கை முழுதுமே நேராக 5 மில்லிமீட்டர் விலகினால் குண்டும் 5 மில்லிமீட்டரே விலகும். பத்து அப்போதும் பத்துதான். ஆனால் முன்குறி, பின்குறியின் பிளவுக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால், அட்டையில் 31 மில்லிமீட்டர் தள்ளிப் போகும், பத்து ஏழாகிவிடும். ஆகவே பார்க்க வேண்டியது இலக்கையன்று, முன்குறியை. இலக்கு மங்கித் தெரிந்தால் மங்கட்டும். கருவட்டத்தின் நடுவையும் தேடவேண்டா. அதற்குக் கீழே சிறிது வெண்மை விட்டு அங்கே குறியை நிறுத்தினால் போதும். நடுக்கம் நடுங்கிக்கொண்டே இருக்க, விசையை மட்டும் ஒரே சீராக அழுத்திக்கொண்டு போவது.

சொல்லக் கேட்க எளிது! இலக்கைச் சுடப் போனவன் இலக்கைப் பார்க்காதே என்றால் மனம் எங்ஙனம் ஒப்பும்? அந்த விசையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 500 கிராம் எடையைத் தாங்கவேண்டுமென்பது விதி. அதற்குக் குறைந்தால் போட்டியில் அனுமதியில்லை. புதுத் துப்பாக்கியில் விசை முதலில் சிறிது தூரம் இலேசாக நகர்ந்து, ஓரிடத்தில் சுவரில் முட்டியது போல் நிற்கிறது. அதன்பின் கண்ணாடிக் குச்சி முறிவது போல் விடுபடுகிறது. கிளப்பின் பழைய துப்பாக்கியில் இந்தச் சுகம் இருந்ததில்லை. ஒன்றரை லட்சத்தில் பெரும்பகுதி இந்த விசைக்கே கொடுத்தோம் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு ஈடான இன்னொரு செல்வம், குண்டும் காற்றும் இல்லாமலே விசையை மட்டும் பழகிக்கொள்ள இடமளிக்கும் அமைப்பு.

அதனால் நம் பயிற்சியில் முக்காற் பங்கு வீட்டிலேதான். இரவு பிள்ளைகள் உறங்கியபின், வெள்ளைச் சுவர் எதிரே நின்று, இலக்கு ஏதுமின்றி, முன்குறியை மட்டும் நோக்கி விசையை அழுத்துகிறோம். 'டிக்' என்ற ஓசையில் முன்குறி துள்ளினால் பிழை, அசையாதிருந்தால் சரி. செலவு ஏதுமில்லை. அன்னையார் முதல் வாரம் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது அங்கேயே அமர்ந்து, "இது ஆடிச்சு, இது ஆடலை" என்று தீர்ப்பு வழங்குகிறார். அவர் கண் நம் கண்ணைவிடக் கூர்மை.

மதிப்பெண் எழுபத்தெட்டுக்கு ஏறியிருக்கிறது. சில நாள் எழுபதுக்கு இறங்குவதும் உண்டு. அலுவலகத்தில் மாதக் கடைசிக் கணக்கு முடியும் நாட்களில் சுடப் போவதையே விட்டுவிட்டோம். வாங்க எண்ணும் அன்பர்களுக்கு ஒன்று: சிலிண்டருக்குப் பத்தாண்டுதான் ஆயுள் என்று செய்பவர்கள் கணக்கிடுகிறார்கள். செய்த தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். பழையது மலிவாய்க் கிடைக்கிறதென்று அதைப் பாராமல் வாங்காதீர்கள்.

ஓராண்டுக் கெடு முடியவில்லை. ஆயினும் சென்ற ஞாயிறன்று, பயிற்சியாளர் கண்பார்வையில், குண்டேற்றாத துப்பாக்கியை மேசைமீது தாங்கலிட்டு மகளுக்குக் காட்டினோம். கைப்பிடி அவளுக்குப் பெரிது. விரல் நுனி விசையை எட்டவில்லை. சிறு கைக்கு ஏற்ற கைப்பிடியைத் தனியே வாங்கி மாட்டிக்கொள்ளலாமாம். அதன் விலையை நம் மனைவியார் விசாரித்து, வீட்டுக் கணக்கு நோட்டில், மாடிக் கட்டடச் செலவுக்குக் கீழே, தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.