ஒரு மனுவும் பல அபிப்பிராயங்களும்

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூட வேண்டாம், அது என்னதான் சொல்கிறதென்று கேட்டுப் பார்ப்போமே என்று 2025 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, நோட்டும் பேனாவுமாகப் புறப்பட்டோம் பதினோராம் வகுப்பு மாணவியர் ஏழு பேர்.

காரணம் ஒரு மனு. பிராட்வேயை ஒட்டிய எங்கள் தெருவில் கடைக்காரர்களும் குடியிருப்போரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் எழுதிய மனுவில் எங்கள் பள்ளியின் சார்பிலும் கையெழுத்து வேண்டுமாம். தலைமையாசிரியை ஸிஸ்டர் அதை எங்கள் கையில் கொடுத்து, "முதலில் தெருவில் விசாரித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்" என்றார். மனுவின் சாரம் ஒரே வாக்கியம்: நடைபாதையில் வசிப்போரையும் தெருநாய்களையும் உடனடியாக அப்புறப்படுத்த வேண்டும். எண்ணும்மையை நாங்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே படித்தாயிற்று. ஆனால் அந்தச் சிறிய 'உம்' மனிதர்களையும் நாய்களையும் ஒரே வண்டியில் ஏற்றிவிடும் என்று எந்த இலக்கண நூலும் எங்களுக்குச் சொல்லவில்லை!

எங்கள் எழுவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருத்தி சங்கச் செயலாளரின் மகள். ஒருத்தியை ஏழாம் வகுப்பு படிக்கும்போது தெருநாய் கடித்தது. இன்னொருத்தி அந்த நடைபாதையிலேயே பிறந்தவள். அவள் பாட்டியும் அங்கேதான் பிறந்தாராம். ஆக, மனுவைக் கொடுத்த வீட்டுப் பெண்ணும், மனு யாரை அப்புறப்படுத்தச் சொல்கிறதோ அந்தப் பெண்ணும் எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். 'நாங்கள்' என்று இக்கட்டுரையில் வரும் இடமெல்லாம் இவர்கள் எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள் என்பதை வாசகியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதலில் மளிகைக்கடை அண்ணாச்சி. "காலையில ஷட்டரைத் தூக்கணும்னா நாலு பேரை எழுப்பணும் பாப்பா. சரக்கு வண்டி எங்கே நிக்கும்? வாடிக்கைக்காரங்க எப்படி உள்ளே வருவாங்க?" என்றார். நியாயந்தானே என்று எழுதிக்கொண்டோம். அவரே தொடர்ந்து, "ஆனா அதுங்க படுத்திருக்கிற வரைக்கும் என் கடைப் பூட்டைத் தொட ஒருத்தனுக்கும் தைரியம் வராது" என்றார். இதையும் எழுதலாமா என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்தார். எழுதலாம் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் மாடியில் நல்ல ஜாதி நாய் வளர்க்கும் ஒரு பெரியவருக்குத் தெருநாய் என்றாலே ஆகாது. அதைவிடக் கோபம் சங்கிலி விதியின் மேல். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறியதை எல்லோரும் அறிவோம். பின்பு 2025-இல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கான விதிகளை இறுக்கியது. வெளியே கொண்டுவந்தால் சங்கிலியும் வாய்மூடியும் வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். "என் நாய் யாரையும் கடிக்காதும்மா!" என்று அவர் சத்தியம் செய்தார். அன்று காலை இதே வாக்கியத்தை நாங்கள் மூன்று பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டோம். கடித்த நாய்க்குச் சொந்தக்காரர் மட்டும் எந்தத் தெருவிலும் அகப்பட மாட்டார் போலும்.

ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா ஒருவர் எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துச் சட்டம் சொன்னார். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பற்றி அவர் சொன்னது எங்களுக்குப் புதிது. பிழைப்பு நடத்தும் உரிமை உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். அதே தீர்ப்பில், முறைப்படி அறிவிப்புக் கொடுத்து நடைபாதையிலிருந்து அகற்றலாம் என்றும் சொன்னார்கள். "ரெண்டு கட்சிக்காரனும் அந்த ஒரே தீர்ப்பைத்தான் கையில வச்சிண்டு சண்டை போடறான்" என்றார். பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடமாவது, வருஷம் முழுவதும், இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதையும் அவர்தான் சொன்னார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் வீடில்லாதவர்கள் 17 லட்சத்துக்கு மேல். 'அப்புறப்படுத்து' என்றால் அந்த அப்புறம் எந்தப் புறம்? மனுவில் அதற்குப் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தோழியின் அம்மா சொன்னார். பூக்கட்டிக்கொண்டே பேசினார், கை நிற்கவில்லை. "தங்குற எடத்துக்குக் கூப்டாங்கம்மா. அங்க ஆம்பளைக்கு ஒரு எடம், பொம்பளைக்கு ஒரு எடம். எம் புள்ள எட்டாவது படிக்கிறான், அவனை எங்க கூட்டிக்கினு போறது? பெரும்பாக்கத்துல வூடு தர்றேன்னு சொன்னா போவலாம். ஆனா விடிகாலைல பூ எடுக்க இங்க வரணுமே?" பெரும்பாக்கம் இங்கிருந்து 25 கிலோமீட்டருக்குக் குறையாது. அங்கே வீடு கிடைத்தும் பிழைப்புக்காக மறுபடி இந்தப் பிளாட்பாரத்துக்கே வந்துவிட்ட குடும்பங்களை அவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.

நாய்களைப் பற்றிக் கேட்டோம். "கதவில்லாத எடத்துல வயசுப் பொண்ண வச்சிக்கினு தூங்குறோம். அறியாத ஆளு கிட்ட வந்தா மொதல்ல கொலைக்கிறது அதுங்கதான். அதுங்கதாம்மா எங்க தாப்பா" என்றார். எங்கள் தோழி தலையைக் குனிந்துகொண்டாள். வயசுப் பொண்ணு என்றது அவளைத்தான். பேனா பிடித்திருந்தவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

இதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் உருகிவிட்டோம் என்று எழுதினால் அது பொய். நாய்கடி பட்டவள் எழுந்து நின்று, "என்னைக் கடித்ததும் யாருக்கோ தாழ்ப்பாளாக இருந்த நாய்தான்" என்றாள். கெண்டைக்காலில் இருந்த தழும்பைக் காட்டினாள். சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவியது, அன்றும் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் அரசு மருத்துவமனைக்குப் போனது, அந்த இருபத்தெட்டு நாளும் அவள் அம்மா அவள் தண்ணீர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டிமார் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டின் மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை 2004-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நிறுத்திவிட்டார்கள். ஊசி குறைந்ததே தவிர நோய் மாறவில்லை. வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. வெறிபிடித்ததாகச் சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் பத்துக்கு நான்கு பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தரையில் படுக்கும் பிள்ளைகளின் முகம் நாயின் வாய்க்கு எவ்வளவு சமீபம்!

பூக்கார அம்மா மறுக்கவில்லை. "எங்க அக்கா புள்ளயையும்தான் கடிச்சிது. தூக்கிக்கினு போவ வேணாம், ஊசி போட்டு வுடச் சொல்லு கண்ணு" என்றார். அவர் சொன்னதுதான் சட்டமும். 2001-இல் வந்து 2023-இல் திருத்தி எழுதப்பட்ட விதிகளின்படி நாயைப் பிடித்துக் கருத்தடை அறுவை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் சிறிது வெட்டி, பிடித்த தெருவிலேயே விட வேண்டும். பழைய நாய்கள் போய்விட்டால் காலியான இடத்துக்கு ஊசி போடாத புதிய நாய்கள் வந்துவிடும் என்பது இதன் காரணம். டில்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்க 2025 ஆகஸ்டு 11-இல் பிறந்த உத்தரவு, ஆகஸ்டு 22-இல் மாற்றப்பட்டது: வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவை ஊசிக்குப் பின் தம் தெருவுக்கே திரும்பலாம், சோறு வைப்பதற்கு மட்டும் தனி இடம் ஒதுக்க வேண்டும். பிறகு நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களின் நாய்களைப் பிடித்தால் அதே இடத்தில் மீண்டும் விடக்கூடாது என்று இன்னோர் உத்தரவு. எங்கள் வாசலில் படுத்திருந்த செவலை நாய்க்காகக் கண்ணீர் விட்ட ஆறாம் வகுப்புச் சிறுமியரும் உண்டு, கைதட்டியவர்களும் உண்டு. பள்ளி வாசல் விஷயத்தில் எங்களில் பெரும்பாலோர் கைதட்டியவர் பக்கமே.

பணக்காரன் வாசலில் கிடந்த லாசருவின் புண்களை நாய்கள் நக்கிய கதையைத் திங்கட்கிழமை வகுப்பில் ஒருத்தி எடுத்துச் சொன்னாள். "அந்த நாய்க்கு ஊசி போட்டிருந்தார்களா?" என்று கடிபட்டவள் கேட்டாள். ஸிஸ்டர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சிரித்து முடித்து உட்கார்ந்து பேசியதில் ஒன்று மட்டும் எல்லோருக்கும் உடன்பாடாயிற்று. அந்த 'உம்' போக வேண்டும். நாய்க்கு ஒரு மனு, மனிதருக்கு வேறு மனு. செயலாளரின் மகளே அன்றிரவு அப்பாவிடம் பேசினாள். "சங்கத்து வேலையில உனக்கென்ன பேச்சு?" என்று முதலில் கோபித்துக்கொண்டவர், இரண்டு நாள் கழித்து, "சரி, நீங்களே எழுதிக் கொண்டாங்க, பார்ப்போம்" என்றாராம்.

எழுதினோம். முதல் மனு, தெருநாய்கள் எல்லாவற்றுக்கும் கருத்தடையும் தடுப்பூசியும் கேட்டது. இரண்டாவது, நடைபாதைக் குடும்பங்களுக்கு நடந்து வேலைக்குப் போகும் தூரத்தில் வீடும், அதுவரை குடும்பத்தோடு தங்க இடமும் கேட்டது. முதல் மனுவில் தெருவே கையெழுத்திட்டது. இரண்டாவதில் பதினாறு பேர்தான். அண்ணாச்சி போட்டார், குமாஸ்தா இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டுப் போட்டார். செயலாளர் போடவில்லை, பழைய மனுவை இன்னும் மேஜையில் வைத்திருக்கிறார் என்று அவர் மகள் சொல்கிறாள்.

பூக்கார அம்மா இரண்டிலும் கையெழுத்திட வந்தார். முகவரி என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று நாங்கள் விழித்தோம். அவர் விழிக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அதிகாரி இரவில் வந்து, அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். வீடில்லாதவர்களுக்குத் தேர்தல் கமிஷன் வைத்திருக்கும் முறை அது. இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து எங்கள் முன் வைத்தார். அதில் இருந்தபடியே, அண்ணாச்சி கடையின் கதவிலக்கத்தை எழுதி, 'எதிர் பிளாட்பாரம்' என்று சேர்த்தாள் எங்கள் தோழி.