பைரவருக்கு அரளி... நாய்க்கு?

தேய்பிறை அஷ்டமி அன்று அண்ணாமலையார் கோயிலின் காலபைரவர் சன்னதிக்குப் போகிறவர்களில் பலர் கையில் செவ்வரளி மாலை இருக்கும். பைரவருக்கு உகந்த பூ அது. பைரவரின் வாகனம் என்ன? நாய். ஆனால் அவர் கழுத்தில் விழும் அதே மாலை, அவருடைய வாகனத்தின் வாயில் விழுந்தால் விஷம்!

அரளியின் இலை, பூ, தண்டு, வேர் எல்லாவற்றிலும் ஒலியாண்ட்ரின் என்ற நஞ்சு இருக்கிறது. இதயத்தின் செல்களில் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு உண்டு. ஒலியாண்ட்ரின் அதைத் தடுத்துவிடும். நாய்க்கு முதலில் எச்சில் வடியும். பிறகு வாந்தி, பேதி. அதற்கப்புறம் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே டயாஸ்கோரிடீஸ் என்ற கிரேக்க மருத்துவர், அரளி நாய்களைக் கொல்லும் என்று எழுதி வைத்தார். அரளி சேர்ந்த தாவரக் குடும்பத்தின் பெயர் அப்போசைனேசி. 'நாயே, தள்ளிப் போ' என்கிற மாதிரியான கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது!

அந்தக் குடும்பத்தில் நம் வீடுகளுக்குத் தெரிந்த முகங்கள் நிறைய: மஞ்சள் அரளி, எருக்கு, மொட்டை மாடித் தொட்டிகளில் வளரும் அடினியம், வாசலில் தானாக முளைக்கும் நித்யகல்யாணி. இதில் நித்யகல்யாணி கதை வேடிக்கையானது. அதிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் என்ற மருந்தைத்தான், தெருநாய்களுக்கு இனச்சேர்க்கையால் பரவும் ஒருவகைப் புற்றுநோய்க்கு ஊசியாகப் போடுகிறார்கள். மருத்துவர் அளந்து போட்டால் மருந்து, நாய் தானாகத் தின்றால் விஷம்.

"கிரிவலப் பாதையில் எத்தனை நாய்கள், எத்தனை செடிகள்! ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அரளி கசக்கும், தெருநாய் அதைச் சீண்டாது. ஆபத்து வீட்டுக்குள்தான். பல் முளைக்கும் குட்டி கிடைத்ததையெல்லாம் கடிக்கும். அதிலும் காய்ந்த இலையில் கசப்பு குறைந்துவிடும், நஞ்சு மட்டும் அப்படியே இருக்கும். சாமி படத்திலிருந்து கழற்றிப் போட்ட பழைய மாலையை நினைத்துப் பாருங்கள்!

அதற்காகச் செடியை வெட்ட வேண்டுமா? வேண்டாம். 2024 மே மாதம் கேரளத்தில் ஓர் இளம்பெண்ணின் மரணத்துக்கு அரளி காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை நிறுத்தின. மற்ற பூஜைகளுக்குத் தடை போடவில்லை. சூடலாம், வாய்க்குப் போகக்கூடாது. வீட்டுக்கும் இதே கணக்கு போதும். தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். கவாத்து செய்த கிளையையும் வாடிய மாலையையும் உடனே அப்புறப்படுத்துங்கள். குட்டி இருக்கும் வீட்டில் புதிதாகச் செடி வைப்பதென்றால் ரோஜா, மல்லி நல்லது. சாமந்திகூட நாய்க்கு வாந்தி வரவைக்கும்.

நாய் அரளியைக் கடித்துவிட்டால்? உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது தனி ஆபத்து. கடித்த கிளையையும் எடுத்துக்கொண்டு நேராகக் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். 'சாயங்காலம் வரை பார்க்கலாம்' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ரமணாசிரமத்தில் ஜாக்கி என்ற நாய்க்குச் சமாதியே எழுப்பிய ஊர் இது. குட்டி எட்டும் இடத்தில் கிடக்கும் மாலையை எடுத்து மேலே வைப்பதா இந்த ஊருக்குக் கஷ்டம்?