உதடு அறியும் அளவு

நியூ ஆர்லியன்ஸ் நகரப் பங்கொன்றில் பணியாற்றிய நாள்களில், அங்குள்ள ஜாஸ் குழுவில் டிராம்போன் வாசிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. முதல் டிராம்போன் வாசிப்பவரே தம் வரிசையை வழிநடத்துவார். உச்சச் சுரங்கள் பெரும்பாலும் அவருக்கே வரும். அவ்விருக்கையின்மீது நமக்கு ஆசை பிறந்ததை ஒளிப்பானேன்?

நம்மிடம் இருந்த மவுத்பீஸ், வின்சென்ட் பாக் நிறுவனத்து 6½ஏஎல், உள்விட்டம் 25.4 மி.மீ. கிண்ணம் சிறுத்து ஆழம் குறைந்தால் உச்சச் சுரம் எளிதாகும், ஒலியும் பளிச்சிடும் என்றறிந்து 12சி-க்கு மாறினோம். (எண் கூடக்கூட வாய் குறுகுவது பாக் கணக்கின் விந்தை.) அதன் விட்டம் 24.5 மி.மீ. வேறுபாடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. உதடோ அதை முழமாக உணர்ந்தது. முதற்பாட்டில் சுரங்கள் தாமே எழுந்தன. மூன்றாம் பாட்டில் ஒலி வறண்டது. அழுத்தி ஊதினோம், அழுத்த அழுத்தக் குருதியோட்டம் தடைபட்டு உதடு மரத்தது. குருமடத்தில் ஒறுத்தல் பயின்ற நாம் அந்நோவையும் தவமென்றெண்ணி இரு வாரங்கள் பொறுத்தோம். தவமன்று அது, வீம்பு.

குழுவின் முதியவர் ஒருவர் நம் உதட்டுத் தடிப்பைக் கண்டார். "ஃபாதர், கடையில் ஐந்து நிமிடம் ஊதிப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு மணி நேரம் ஊதிக் களைத்தபின் உதட்டைக் கேளுங்கள்" என்றார். அவ்வாறே சோதித்து, 24.7 மி.மீ. கொண்ட 11சி-யில் நின்றோம். விளிம்பு கடிக்கவில்லை. உச்சச் சுரம் 12சி அளவுக்கு எளிதன்று. ஆயினும் கடைசிப் பாட்டுவரை உதடு உடன்வந்தது.

முதல் இருக்கை அம்முதியவருடையதே. அவர் வராத மாலைகளில் மட்டும் அதில் அமர்ந்தோம்.