நாலரை மணி வண்டி

என் தம்பியின் பேத்தி இவ்வாண்டு பிளஸ் டூ தேறியிருக்கிறாள். திருச்சியில் விடுதியோடு கூடிய தனியார் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கும்பகோணம் அரசினர் மகளிர் கல்லூரியிலும் கிடைத்திருக்கிறது. எங்கே சேர்ப்பது என்று வீட்டில் மூன்று நாள் சம்வாதம் நடந்து ஒரு முடிவுக்கும் வராமற்போகவே, "பெரிய தாத்தாவைக் கேளுங்கள், ரயிலில் போய்வந்து படித்தவர் அவர்தானே!" என்று விஷயத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

படித்தவன்தான். 1964-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு காலை, பாபநாசம் ஸ்டேஷனில் ஒரே வண்டியில் இருவர் ஏறினோம். என்னோடு எஸ்.எஸ்.எல்.சி. தேறிய சிநேகிதன் டிரங்குப் பெட்டியும் ஹோல்டாலும் சகிதமாகச் சிதம்பரத்துக்குப் பயணமானான். 1929-இல் தோன்றிய நாள் முதலாகவே மாணாக்கர்கள் தங்கிப் படிக்கும் இடமென்று பெயர் பெற்றிருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவனுக்கு இடம். என் கையில் இருந்தவை ஒரு நோட்டுப் புத்தகமும், நார்த்தங்காய் ஊறுகாயோடு தயிர்சாதம் அடைத்த ஒரு தூக்கும். சுவாமிமலையும் தாராசுரமும் கடந்து கும்பகோணத்தில் நான் இறங்கிக்கொண்டேன். அவன் அதே பலகையில் உட்கார்ந்தபடி மாயவரம் வழியாக மேலே போனான். ஒரே தண்டவாளத்தில் இரண்டு விதமான வாழ்க்கை இருந்ததென்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஏற்பாட்டில் என் விருப்பத்துக்கு இடமேயில்லை. அரை வேலி குத்தகை நிலத்தில் ஆறு பேர் சாப்பிட்ட குடும்பத்தில், விடுதிக்குப் பணம் கட்டுவதென்பது பேச்சுக்குக்கூட வராத சங்கதி. டிவைடிங் சிஸ்டம் என்று சொல்லி, மாதாந்தச் செலவைத் தலைக்கு இவ்வளவென்று வகுத்துப் போடுவார்கள். அந்த மாதம் கறிகாய் விலை ஏறினால் ஊரிலிருக்கும் தகப்பனாருக்கு நெஞ்சு படபடக்கும். சீசன் டிக்கெட்டோ, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வாங்கினால் தீர்ந்தது.

பணம் மிச்சமானது ஒருபுறமிருக்க, அந்த வண்டியினால் நான் அடைந்த லாபத்தைக் கணக்கிட இன்றும் தெரியவில்லை. வெற்றிலைக் கட்டு ஏற்றிவரும் வியாபாரிகள், மோர்க்காரக் கிழவிகள், கோர்ட்டு குமாஸ்தாக்கள், பாத்திரக்கடைச் சிப்பந்திகள் எல்லோரும் தினந்தோறும் அதே பெட்டியில் அதே மூலையில் உட்கார்ந்து வந்தார்கள். ஒற்றைப் பாதையாகையால் எதிர் வண்டிக்கு வழிவிட ஏதாவதொரு ஸ்டேஷனில் நிற்க வேண்டிவரும். பிரம்பு வளையத்தில் கோத்த டோக்கன் கைமாறும் வரையில் வண்டி நகராது. அந்த அவகாசத்தில்தான் குமாஸ்தா ஒருவர் என் ஆங்கிலப் பாடத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கோர்ட்டுப் பத்திரங்களில் அடிபட்ட தம் பாஷா ஞானத்தையெல்லாம் பிரயோகித்து, நான் எழுதிய வாக்கியங்களைக் கண்டதுண்டமாக்குவார். எந்தப் பேராசிரியரும் என் எழுத்தின்பேரில் அவ்வளவு சிரத்தை காட்டியதில்லை. நூறு பேர் வகுப்பில் காட்டவும் முடியாது.

எங்களுக்கு டே ஸ்காலர் என்று பெயர். பகலில் பண்டிதன் என்றால் ராத்திரியில் என்னவென்று குமாஸ்தா கேலி செய்வார். ராத்திரியில் மாடு கட்டுகிறவன், நாற்றுக்கட்டுச் சுமக்கிறவன், தங்கைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவன். தீபாவளிக்குத் தீபாவளி சிதம்பரத்துச் சிநேகிதன் ஊருக்கு வரும்போது, வீட்டில் அவனுக்கு ஒரு விருந்தாளியின் ஸ்தானமே மிஞ்சியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அவன் தாயார் அவனிடம் சற்று யோசித்துப் பேசினாள். என் தாயார் கடைசி வரையில் என்னிடம் யோசிக்காமலே பேசினாள்.

வீட்டிலிருந்து போய்வருவது, தங்கிப் படிப்பது இரண்டுக்கும் நாங்கள் படித்த ஊரிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்த கணித மேதை ராமானுஜன், சாரங்கபாணி சந்நிதித் தெருவிலிருந்து போய்வந்து படித்தவர்தாம். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லாமல் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பத்தாண்டு கழித்து, 1914-இல், கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரிக்குள்ளேயே வசிக்கும் பாக்கியம் கிடைத்தது. அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டியின் சகவாசத்தில் அவருடைய கணிதம் உலகுக்குத் தெரிந்தது. ஆனால் மரக்கறி உணவுக்குத் தாமே சமைத்துக்கொண்டு, குளிரில் தனித்திருந்து, 1917-இல் நோயில் விழுந்ததும் அங்கேதான். கல்லூரியிலேயே வசிப்பதுதான் கல்வி என்பாருக்கும், வீட்டுச் சோறே போதும் என்பாருக்கும் அவர் சரித்திரத்தில் பாதி பாதிதான் ஆதாரம் கிடைக்கும்.

என் நஷ்டத்துக்கு வருகிறேன். அது ஒரே ஒரு சாயங்காலமாக என் நினைவில் நிற்கிறது. பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில், தமிழ் மன்றக் கூட்டத்துக்கு ஓர் அறிஞர் வந்து வாலி வதத்தைப் பற்றிப் பேசினார். அம்பு பட்டு விழுந்த வாலி இராமனை நோக்கிக் கேட்கும் கேள்விகளை, ஒன்றன்மேல் ஒன்றாக, வக்கீலைப் போல அடுக்கிக்கொண்டே போனார்; சபை மூச்சு விடவில்லை. 'இனி இராமன் பக்கத்தைப் பார்ப்போம்' என்று அவர் மேஜைமீதிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்த சமயம், நாலரை மணி வண்டிக்காரர்கள் ஐந்து பேர் பின்வரிசையிலிருந்து எழுந்தோம். டம்ளரைக் கையில் பிடித்தபடியே அவர் எங்களைப் பார்த்தார். காவிரிக் கரைக் கல்லூரியிலிருந்து ஊரைக் குறுக்கே கடந்து, மகாமகக் குளம் தாண்டி, ஸ்டேஷன் வரையில் ஓடினோம். இராமன் பக்கத்தைக் கம்பனிலே நானே பிற்பாடு படித்துக்கொண்டேன். ஆயினும் அந்த மனிதர் அன்று என்ன சொன்னாரென்பது எனக்குத் தெரியாது. அதைக் கேட்டுவிட்டு இரவு பத்து மணி வரையில் தாழ்வாரத்தில் சண்டை போட்டிருக்கக்கூடிய விடுதிப் பிள்ளைகளை நினைத்தால், இந்த வயதிலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

இரவு வண்டிக்கு இருந்து வந்திருக்கலாமே என்று கேட்கலாம். முதலாண்டில் ஒரு முறை இருந்தேன். பாபநாசத்தில் இறங்கியபோது, பகலெல்லாம் சேற்றில் நின்ற என் தகப்பனார் அரிக்கேன் விளக்கோடு பிளாட்பாரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கோபிக்கவில்லை, இரண்டு மைல் தூரமும் முன்னே விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு நான் நாலரை மணி வண்டியைத் தவறவிட்டதில்லை.

இன்றைக்கு அரசுக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணமே கிடையாது; அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து வந்த பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள்; சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகையால் பணத்தைப் பற்றி வீட்டில் ஒருவரும் தர்க்கிக்கவில்லை. கும்பகோணந்தான் நல்லது என்று என் தம்பி மகன் சொன்ன காரணம் வேறு: "அஞ்சு மணிக்கெல்லாம் பொண்ணு வீட்டுக்கு வந்துடுவா, பெரியப்பா."

அந்த ஒரு வாக்கியந்தான் எனக்குப் பயமாக இருந்தது. கும்பகோணத்திலேயே சேருங்கள், ஆனால் ஐந்து மணி என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நூலகத்திலோ மன்றத்திலோ அவளுக்கு ஏதேனும் காரியம் இருக்கும் நாட்களில் பிந்திய வண்டிக்கே வரட்டும். பாபநாசம் ஸ்டேஷனில் இப்போது மின்சார விளக்கு இருக்கிறது. வாசலில் என் தம்பி மகனின் ஸ்கூட்டர் நிற்கலாம்.